மூன்று துறை, ஒரே ஊர்: கடலூர்–புதுச்சேரி கரையில் கூட்டு ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

கிணற்றுக்கு ஒரு பட்டியல், வீட்டுக்கு ஒரு பட்டியல், ஆளுக்கு ஒரு பட்டியல். தனித்தனியே பார்த்தால் மூன்றிலும் குறை இருக்காது. ஒன்றாகச் சேர்க்கப் போகும்போதுதான் எந்தப் போர்த் (ஆழ்துளைக் கிணற்றுத்) தண்ணீரை எந்த வீடு குடித்தது, அந்த வீட்டில் யாருக்குப் பிரஷர் பார்த்தோம் என்பது பிடிபடாமல் போகும். பல துறையினர் சேர்ந்து செய்யும் ஆய்வுகள் உடைவதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். ஆகவே இங்கே சொல்லப்போகும் படிகள் எல்லாமே அந்த இணைப்பை முதலிலேயே கட்டிக்கொள்வதற்காக.

எடுத்துக்காட்டாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்வோம்: கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பதற்கும் அங்குள்ளவர்களின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா? நீர் வேதியியல், சமூக மருத்துவம், சமூகவியல் மூன்றும் இதற்கு வேண்டும். நம் பக்கத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஜிப்மர், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதன் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் எல்லாம் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் போய்வரும் தூரம்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

துறைக்கு ஒரு பொறுப்பாளர். அவர்களுக்கு மேல் முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர். இவர் மூவரில் எவருடைய மாணவராகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. மாணவர் என்றால் தன் ஆசிரியரின் வேலையைத்தான் முதலில் முடிப்பார்.

கருவிகள்: மின்கடத்துத்திறன் மீட்டர் (நீரில் மொத்தமாக எவ்வளவு உப்பு என்று காட்டுவது), அதைச் சரிபார்க்க 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. அளவுக் கரைசல், முழங்கைக்கு மேல் கட்டும் பிரஷர் கருவி, அதற்கு இரண்டு அளவில் பட்டை, ஐஸ் பெட்டி, நனைந்தாலும் அழியாத லேபிள். முதல் பாட்டிலை நிரப்புவதற்கு முன் குறைந்தது 6 மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிகள் அதற்குள்தான் வரும்.

1. மூவரும் ஒன்றாக ஒரு நாள் ஊரைச் சுற்றுங்கள்

புதியவர்கள் கூட்ட அறையில் தொடங்குகிறார்கள். ஊரில் தொடங்குங்கள். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் போய், குடம் எங்கிருந்து எங்கே போகிறது என்று மூவரும் ஒன்றாகப் பாருங்கள்.

ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா எங்களுக்குச் சொன்னது: "குடிக்கிறது கேன் தண்ணி, சோறு வடிக்கிறது டேங்க் தண்ணி, குளிக்க, துவைக்க போர்." அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் திட்டமே மாறியது. நீர் வேதியியலாளர் வீட்டுப் போர்களை அளக்கத் தயாராக வந்திருந்தார். அந்தப் போர்த் தண்ணீரை அந்த வீட்டில் யாரும் குடிக்கவில்லை. இதை ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டிருந்தால் அளந்தது அத்தனையும் வீண்.

அதே நாளில் தெருக்களுக்குள் உள்ள வேறுபாட்டையும் பாருங்கள். ஒரே டேங்க் என்றாலும் குழாயின் கடைசியில் உள்ள காலனிக்குத் தண்ணீர் எப்போது வருகிறது, வராத நாளில் அவர்கள் எதைக் குடிக்கிறார்கள்? சமூகவியலாளர் இதைக் கேட்காவிட்டால் மருத்துவர் பிறகு எல்லாவற்றையும் "ஊர்" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்

"உவர்நீரும் உடல்நலமும்" என்பது தலைப்பு. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. இப்படி எழுத வேண்டும்: "குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீரில் சோடியம் அதிகமுள்ள வீடுகளில், 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் இரத்த அழுத்தம் அதே பருவத்தில் மற்ற வீடுகளைவிடக் கூடுதலா?"

இந்த வாக்கியத்தை எழுதும்போதே சண்டை வரும். வரட்டும், இப்போது வருவதுதான் நல்லது. உதாரணத்துக்கு, சோடியமா, மொத்த உப்புகளா? கையில் மீட்டர் இருப்பதால் பலர் மின்கடத்துத்திறனை மட்டும் அளந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கால்சியம், மெக்னீசியம் மிகுந்த கடினநீரும் அதே எண்ணைக் காட்டும். பிரஷரோடு நேரடியாகப் பேசுவது சோடியம். அதற்கு ஆய்வகத்தில் சுடர் ஒளிமானி வேண்டும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை ஒருவர் நாளைக்கு 3 லிட்டர் எடுத்துக்கொண்டால் 600 மில்லிகிராம் சோடியம். உப்பாகச் சொன்னால் சுமார் 1.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழ்தான். ஆக, தண்ணீரின் பங்கு ஒதுக்கித்தள்ளக் கூடியதல்ல. ஆனால் கருவாடும் ஊறுகாயும் தருவது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். சாப்பாட்டுக் கேள்விகளைச் சேர்க்காமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாது.

3. சொல் நோட்டு ஒன்று போடுங்கள்

எங்கள் முதல் கூட்டத்தில் "மாதிரி எத்தனை?" என்று ஒருவர் கேட்டார். வேதியியலாளருக்கு மாதிரி என்றால் பாட்டில். மருத்துவருக்குச் சிறுநீரும் இரத்தமும். சமூகவியலாளருக்குத் தேர்ந்தெடுத்த வீடுகள். மூவரும் மூன்று எண் சொன்னார்கள், மூன்றுமே சரி. அரை மணி நேரம் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தோம்.

குறைந்தது மூன்று சொற்களையாவது வரையறுத்து எழுதுங்கள். மாதிரி என்ற சொல்லை விட்டுவிட்டு "பாட்டில்", "வீடு", "ஆள்" என்றே பேசுங்கள்.

"வீடு" என்றால் ரேஷன் கார்டா, கூரையா, உலையா? எங்களுக்கு உலைதான் சரியாக வந்தது: ஒரே பானையில் வெந்ததைச் சாப்பிடுபவர்கள் ஒரு வீடு. மகன் கல்யாணமாகி அதே கூரையில் தனி உலை வைத்தால் அது இன்னொரு வீடு. உப்பு உலையில்தான் சேர்கிறது என்பதே காரணம்.

"கிராமம்" என்றால் வருவாய்க் கிராமமா, ஊராட்சியா, குப்பமா? அரசுப் பட்டியல்கள் முதல் இரண்டில் இருக்கும். மக்கள் மூன்றாவதில் வாழ்கிறார்கள். குப்பத்தை அலகாக வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டத்தில் மற்ற இரண்டையும் குறித்து வையுங்கள்.

4. எண் கொடுக்கும் முறை: அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி

முன்பு நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் 60 பாட்டில்கள் "செல்வி வீட்டுப் போர்", "மாரியம்மன் கோயில் பின்புறம்" என்ற குறிப்புகளோடு ஆய்வகம் போய்ச்சேர்ந்தன. அந்தத் தெருவில் மூன்று செல்வி. ஐஸ் உருகிய தண்ணீரில் பாதி எழுத்து கரைந்திருந்தது. கேள்வித்தாளில் கதவு எண் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு என்பதால் அதிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. பிரஷர் பட்டியலில் பெயர் மட்டும். நாலு நாள் உட்கார்ந்து பாதியைத்தான் சேர்க்க முடிந்தது. மீதிப்பேர் தந்த நேரத்துக்கும் நம்பிக்கைக்கும் நாங்கள் எதையும் திருப்பித் தரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எனவே, பெயர், கதவு எண், மின் இணைப்பு எண் எதையும் அடையாளமாக வைக்காதீர்கள். ஒரே மீட்டரில் இரண்டு உலை எரியும். பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுவார்கள்.

நீங்களே எண் கொடுங்கள். வீட்டுக்கு: ஊர்க்குறி, மூன்று இலக்கம். தாழங்குடாவில் 14ஆம் வீடு என்றால் தா014. அந்த வீட்டில் இரண்டாவது ஆள் தா014அ2. நீர்மூலத்துக்குத் தனி வரிசை: தாநீ07. முதலில் எழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. வெறும் 014 என்று எழுதினால் எக்செல் முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். 3-12 என்று எழுதினால் அதைத் தேதியாக மாற்றிவிடும்.

இப்போது முக்கியமானது. நீர்மூலத்தின் எண்ணை வீட்டு எண்ணுக்குள் திணிக்காதீர்கள். ஒரு வீடு மூன்று இடத்துத் தண்ணீரைப் பயன்படுத்துகிறது. ஒரு டேங்க்கை நூறு வீடு பயன்படுத்துகிறது. ஆகவே நான்காவதாக ஓர் இணைப்புப் பட்டியல் வேண்டும். அதில் ஐந்தே கட்டங்கள்: வீட்டு எண், பயன் (குடிக்க அல்லது சமைக்க), நீர்மூல எண், பருவம், நாளைக்கு எத்தனை குடம். வேதியியலாளருக்கும் மருத்துவருக்கும் நடுவே உள்ள பாலம் இதுதான். இதை நிரப்புவது சமூகவியலாளரின் வேலை. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் மூன்று ஆய்வுகள் இருக்கும், கூட்டு ஆய்வு இருக்காது.

லேபிள்களை முன்கூட்டியே அச்சிட்டு, ஒரே எண்ணில் மும்மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் எண்ணைக் கையால் எழுதவே கூடாது. பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் சாவிப் பட்டியல் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும், கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

5. எத்தனை ஆள் என்பதோடு எத்தனை தண்ணீர் என்றும் கேளுங்கள்

மருத்துவர் கணக்குப் போட்டு 400 பேர் என்பார். வேதியியலாளர் 30 கிணறு போதும் என்பார். இரண்டு கணக்கும் தனியே சரி. ஆனால் அந்த 400 பேரும் 5 டேங்க்கிலிருந்து குடித்தால் உங்களிடம் இருப்பது 5 வகை நீர்தான். ஆளைக் கூட்டிக்கொண்டே போனாலும் அது 5ஆகவே இருக்கும். ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள் மற்ற விதங்களிலும் ஒத்திருப்பார்கள் என்பதால் புள்ளியியலாளர் அந்த ஒரே கொத்தாக இருப்பவர்களுக்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊருக்கு ஆளைக் குறைத்து ஊர்களைக் கூட்டுவதே என் பரிந்துரை.

போரின் ஆழத்தையும் கேளுங்கள். கடலூர்ப் பக்கம் மேல்மட்ட மணலில் வரும் நீரும் ஆழத்திலுள்ள மணற்பாறை நீரும் வேறு வேறு. "எத்தனை அடி?" என்றால் பலருக்கு நினைவிருக்காது. "எத்தனை பைப் இறக்கினாங்க?" என்று கேட்டால் சொல்வார்கள்.

6. பெயர் வரிசையையும் பணத்தையும் இப்போதே பேசுங்கள்

மருத்துவ இதழ்களில் கடைசிப் பெயர் மூத்தவருடையது. சமூக அறிவியலில் அகரவரிசையோ தனி ஆசிரியரோ வழக்கம். இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. கட்டுரை எழுதும் நேரத்தில் மனத்தாங்கலாக வெடிக்கும். எத்தனை கட்டுரை, எதற்கு யார் முதல் பெயர், களப்பணியாளர்களில் யாருக்கு இடம் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பணம் ஒரு நிறுவனத்துக்கு வந்து அங்கிருந்து மற்றவற்றுக்குப் பிரிவதென்றால் தாமதம் உறுதி. களப்பணியாளர் சம்பளமும் வண்டி வாடகையும் முதலில் பணம் வரும் இடத்திலேயே இருக்கட்டும்.

7. அனுமதிகள்: எதற்குப் பின் எது

முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் வாய்ப்பேச்சு. பிறகு நெறிமுறைக் குழு, அதாவது மனிதர்களிடம் செய்யும் ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் குழு. அடுத்து சுகாதாரத் துறை. கடைசியில் ஊரில் முறையான ஒப்புதல். ஊர்ப்பேச்சை முதலில் வைப்பதற்குக் காரணம், அவர்கள் சொல்வதில் திட்டம் மாறும். நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகு மாற்றினால் திருத்தத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

மீனவக் குப்பங்களில் ஊராட்சித் தலைவர் வேறு, ஊர்ப் பஞ்சாயத்தார் வேறு. இருவரையும் பாருங்கள். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போனால் மற்றவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

பாகூர்ப் பக்கத்து ஊர்கள் புதுச்சேரி. அடுத்த ஊரே கடலூர் மாவட்டம். இரண்டு பக்கமும் வேலை செய்தால் இரண்டு அரசுகளின் சுகாதாரத் துறையிடமும் தனித்தனியே கடிதம் வேண்டும். அங்கே கொம்யூன் பஞ்சாயத்து, இங்கே ஊராட்சி. ஒரு பக்கத்துக் கடிதம் மறுபக்கம் செல்லாது.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளில் பல நிறுவன ஆய்வுகளுக்குக் கூட்டாகப் பரிசீலிக்க இடமுண்டு. உங்கள் நிறுவனங்கள் அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கூட்டாளியோ நிதியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலுக்கும் நாள் ஒதுக்குங்கள். "எங்களுடையது சமூக அறிவியல் கேள்வித்தாள்தான், அதற்கு எதற்கு அனுமதி?" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பிரஷரோடு ஒரே எண்ணில் சேரும் கேள்வித்தாள் அது. முழுத் திட்டமும் ஒரே கோப்பாகப் போக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "இவ்வாய்வில் பங்கேற்க மனமுவந்து இசைவளிக்கிறேன்" என்பது யாருக்கும் ஏறாது. "நீங்க வேண்டாம்னு சொல்லலாம். பாதியில நிறுத்தலாம். அதனால ஆஸ்பத்திரியில உங்களுக்கு எந்தக் குறையும் வராது" என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது எங்கள் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

8. நாள்காட்டி

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்கு முன் ஒரு சுற்று, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு சுற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள்; ஆண்களைப் பார்க்க அதுவே நல்ல நேரம். மாசிமகத்தை ஒட்டிய நாட்களைத் தொடாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெயில் காலத்தில் மனிதருக்கு இரத்த அழுத்தம் சற்று இறங்கும், குளிர் மாதங்களில் ஏறும். அதே வெயில் காலத்தில்தான் நீர் அதிகம் உவர்க்க வாய்ப்புண்டு. மே மாதத் தண்ணீரை ஜனவரிப் பிரஷரோடு ஒப்பிட்டால் முடிவு பிசகிவிடும். நீரும் பிரஷரும் ஒரே வாரத்தில் எடுக்கப்பட வேண்டும். ஒப்பீடு ஒரே பருவத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே இருக்க வேண்டும்.

9. பத்து வீட்டு முன்னோட்டம்

பத்து வீட்டில் எல்லாவற்றையும் எடுத்து, ஆய்வக முடிவு வரும்வரை காத்திருந்து, நான்கு பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பலர் கேள்வித்தாளை மட்டும் சோதித்துவிட்டு முன்னோட்டம் முடிந்தது என்கிறார்கள். சோதிக்க வேண்டியது சேர்க்கையை. பத்தும் சேரும்வரை பதினோராவது வீட்டுக்குப் போகாதீர்கள்.

10. ஒரு வீட்டுக்குள் வேலை நடக்கும் வரிசை

ஒப்புதல், ஓய்வு, பிரஷர், கேள்விகள், தண்ணீர். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பிரஷர் பார்க்கும் முன் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் படிந்து, கை இதயத்தின் மட்டத்தில். திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்கு அப்படியே பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி கூடாது. நம் ஊரில் போனதும் டீ போட்டு, அவர்களும் கூடக் குடிப்பார்கள். "அளந்துட்டு எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம்க்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று முறை அளந்து கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறாரா, இன்று சாப்பிட்டாரா என்று குறியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வருவதால் பலருக்கு எண் குறைந்தே இருக்கும்.

கடன், குடி, வருமானம் பற்றிய கேள்விகள் அளந்த பிறகுதான். அவை மனத்தைக் கலக்கும், பிரஷரையும் ஏற்றும். தண்ணீர் பற்றிய கேள்விகளைத் தண்ணீர் பிடிப்பவரிடம் கேளுங்கள். வீட்டுத் தலைவர் என்று ஆணிடம் கேட்டால் "டேங்க் தண்ணிதான்" என்பார். அடுப்படியில் இருப்பவருக்குத்தான் எத்தனை குடம், எதிலிருந்து என்று தெரியும். நூறு நாள் வேலை நாட்களில் அவர் பகலில் இருக்க மாட்டார். மாலையில் போங்கள்.

போரிலிருந்து எடுக்கும்போது குழாயில் தேங்கியதை ஓடவிட்டு, மீட்டர் எண் நிலையான பிறகு பிடியுங்கள். இரண்டு பாட்டில்: வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேர்த்தது சோடியம் போன்றவற்றுக்கு, அமிலம் சேர்க்காதது குளோரைடு போன்றவற்றுக்கு. சமையலுக்குக் குடத்தில் பிடித்து வைத்திருக்கும் நீரிலும் கொஞ்சம் எடுங்கள். உலையில் சேர்வது அதுதான்.

180/110 அல்லது அதற்கு மேல் யாருக்காவது வந்தால் ஆய்வை அங்கேயே நிறுத்துங்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். வண்டி நம்முடையதாக இருக்கட்டும்.

11. அன்று மாலையே

தூங்கும் முன் பாட்டில், படிவம், பிரஷர் அட்டை மூன்றையும் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் மறுநாள் காலையில் போய்க் கேட்கலாம். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஆய்வக முடிவு வந்ததும் நேர்மின் அயனிகளின் மின்சுமைக் கூட்டலும் எதிர்மின் அயனிகளின் மின்சுமைக் கூட்டலும் 5 விழுக்காட்டுக்குள் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வராத பாட்டிலை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.

12. ஊருக்குத் திருப்பிச் சொல்வது

கட்டுரைக்கு முன் ஊர். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தனியாளின் பிரஷர் அன்றே அட்டையில் அவர் கைக்குப் போக வேண்டும். தண்ணீர் முடிவை முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் மகளிர் குழுவிடமும் சொல்லிவிட்டு, பிறகு பொதுவில் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காதபோது 1000 வரை. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் ஊரே பயப்படும், அல்லது ஊரே அசட்டையாக இருக்கும்.

கட்டுரையில் குப்பத்தின் பெயரைப் போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். "இந்த ஊர்த் தண்ணி சரியில்லைன்னு எழுதிட்டா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் பெயரை எடுத்துவிட்டு, கடலிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் போட்டோம். அந்தக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, ஜனவரியில் மறுபடி வரும் தேதியை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். அந்தச் சுற்றில் ஒரு வீடும் கதவைச் சாத்தவில்லை.